தி. நகரைச் சுற்றி வந்த ‘சரி’

பேச்சுப் பயிற்சி மையம் ஒன்றின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தலைமை அலுவலகம் தி. நகரில். அடையாறு, மயிலாப்பூர், ஆதம்பாக்கத்தில் கிளைகள். பேச்சு இழந்தவர் ஒரு கிளையிலும் பயிற்சியாளர் இன்னொரு கிளையிலுமாக, வீடியோவில் பயிற்சி நடக்கும். ஒவ்வொரு கிளையின் ரௌட்டரிலிருந்தும் தி. நகருக்கு ஒரு டனல், அதாவது இணையத்துக்குள் ஒரு தனிவழி, எப்போதும் திறந்திருக்கும். இரண்டு கிளைகள் பேச வேண்டுமென்றால், ஒன்று தி. நகரிடம் மற்றதன் முகவரியைக் கேட்டு, நேராக ஒரு டனல் போட்டுக்கொள்ளும். நான் அமைத்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அடையாறு கிளைப் பயிற்சியாளர் போன் செய்தார்.

“சார், ஆதம்பாக்கத்தோட பேசினா நல்லா இருக்கு. மயிலாப்பூர்னா மட்டும் லேட்டாகுது. ஒரு பேஷன்ட் வர்றதையே நிறுத்திடுவார் போல இருக்கு. கொஞ்சம் பாருங்க.”

கொஞ்சமா பார்த்தேன்? டனலின் ரகசியக் குறியீட்டை மாற்றினேன், ரௌட்டரை அணைத்துப் போட்டேன், திட்டினேன். தாமதம் அசையவில்லை. அடையாற்றுப் பேச்சு நேராகப் போகாமல் தி. நகர் போய், அங்கே எல்லாக் கிளைகளின் வீடியோவும் முட்டி மோதும் லைனில் காத்திருந்து, பிறகு மயிலாப்பூர் வந்தது. எரிச்சலோடு மயிலாப்பூருக்கே கிளம்பினேன்.

அங்கேதான் அந்த பேஷன்ட்டைப் பார்த்தேன், ஓர் ஆட்டோக்காரர். பக்கவாதத்தில் பேச்சு போனவர். எதிரே திரையில், எனக்குப் போன் செய்த அடையாறு பயிற்சியாளர். ஆட்டோக்காரர் கையில் சாவிப் படம் போட்ட அட்டை. “சாவி” என்றார். சரியான சொல். பதில் வரவில்லை. தப்போ என்று முகம் சுருங்கி, “சட்டை” என்று மாற்றினார். அப்போதுதான் முதல் சொல்லுக்கான “சரி” வந்து சேர்ந்தது. தப்பான சொல்லின் தலையில் விழுந்தது.

“இன்னா தம்பி, லைன் சரியாவுமா?” என்று அவர் மனைவி என் காதருகே கேட்டார். “இன்னியோட வரமாட்டேன்னு கைய ஆட்டிக்கினு கீறாரு. ஸ்டாண்டுல இவரு சத்தம்தான் பெருசா இருக்கும்.”

திரையிலிருந்த பெண் அலட்டிக்கொள்ளவில்லை. “ஐயா, இனிமே சொல்லிட்டு அட்டையை மெதுவா கவுத்து வைங்க. அது மேசையில படுக்கிறவரைக்கும் காத்திருங்க. நான் பேசலைன்னா தப்புன்னு அர்த்தமில்லை.” அவர் சொன்னார், கவிழ்த்தார், காத்திருந்தார். “சரி” வந்தது. நான் நாள்கணக்கில் முட்டிக்கொண்ட தாமதத்தை இந்தப் பெண் ஓர் அட்டையை வைத்துச் சமாளித்துவிட்டார். அந்த மனிதரும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக் காத்திருந்தார். எனக்கு அந்தப் பொறுமையில் கால்வாசி இல்லை.

ஆதம்பாக்கத்தோடு நன்றாக இருக்கிறது என்று பயிற்சியாளர் போனில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் அடையாற்று ரௌட்டர் மேல் குற்றமில்லை. அடையாறும் மயிலாப்பூரும் சேரும்போது மட்டும் என்ன? அங்கேயே உட்கார்ந்து தி. நகர் ரௌட்டரைத் திறந்து, இரண்டு கிளைகளும் எந்த வெளி முகவரியிலிருந்து வருகின்றன என்று பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே முகவரி.

இரண்டு கிளைகளும் மலிவு என்று ஒரே கம்பெனியிடம் இணைப்பு வாங்கியிருந்தன. அந்தக் கம்பெனி தன் வாடிக்கையாளர்கள் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தது. ஒரே கதவு எண்ணில் பல போர்ஷன் மாதிரி. அடையாறு எங்கே என்று மயிலாப்பூர் கேட்டால், மயிலாப்பூரின் சொந்த வாசலையே தி. நகர் காட்டிக்கொண்டிருந்தது. தேடித் தோற்ற ரௌட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பழைய சுற்றுவழிக்கே போய்விட்டது.

மயிலாப்பூர் கிளைக்கு வேறு கம்பெனியிடம் தனி முகவரியோடு இணைப்பு வாங்கினோம். அது வரும்வரை அந்த அட்டைதான் ஆட்டோக்காரரை வரவைத்தது. இணைப்பு வந்ததும் அடையாற்றுக்கு நேர் டனல் திறந்தது. நான் சுவரோரம் நின்றுகொண்டேன்.

“சாவி” என்றார். கை பழக்கத்தில் அட்டையைக் கவிழ்க்கப் போனது.

“சரி.”

அட்டை பாதியில் நின்றது. அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அடுத்த அட்டை, அதற்கடுத்தது. எதையும் அவர் கவிழ்க்கவில்லை. பயிற்சி முடிந்து மனைவி செருப்பை எடுத்து வைத்தபோதும் எழுந்திருக்காமல் திரையையே பார்த்தபடி சொல்லைத் தேடி வாயை அசைத்தார்.

“நா… நாளிக்கி?”

எந்த அட்டையிலும் இல்லாத சொல்.

“வாங்க” என்று பதில் உடனே வந்தது.