நீலக் கடதாசியும் நாலு கஞ்சாக் கன்றுகளும்

எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் கஞ்சா வளர்ந்தது என்று எழுத எனக்கு இப்போதும் கை கூசுகிறது. கனடாவில் அது சட்டப்படி சரிதான். ஒரு வீட்டில் நாலு செடி வரை வளர்க்கலாம். ஆனால் நாங்கள் இருக்கிற மல்வேர்ன் பகுதியில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப்பேர் எங்கள் தமிழ் ஆட்கள். சட்டம் அனுமதித்ததை அவர்கள் அனுமதிக்க வேண்டுமே. அதனால் யார் வந்தாலும் பேஸ்மென்ற் கதவைச் சாத்திவிட்டு, "கீழ மிளகாய்க் கண்டு போட்டிருக்கு, காத்துப் படக்கூடாது" என்று சொல்லிவிடுவேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. காய்த்ததும் தங்களுக்கும் தரவேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள்.

யோசனை என் கணவருடையது. அவர் கலியாண வீடியோக்காரர். கமராவைத் தூக்கித் தூக்கி வலது தோள் பழுதாகிவிட்டது. பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் அவருடைய கூட்டாளி ஒருவர், கஞ்சா எண்ணெய் பூசித் தன்னுடைய முழங்கால் சுகப்பட்ட கதையை அளந்துவிட, இவர் அடுத்த நாளே கடைக்குப் போய் விதையோடு வந்து நின்றார்.

"எண்ணெயாவே கடையில விக்கிறாங்கள்தானே அப்பா?" என்று இவரிடம் கேட்டேன்.

"உது ஆர் செய்ததோ, என்னத்தைக் கலந்ததோ. நாங்களே வளத்தா நம்பிப் பூசலாம்" என்றார்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். ஆளுக்கு வேலை குறைந்துவிட்டது. கலியாணம், பூப்பெய்திய பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று சனி ஞாயிறுகளில் வீட்டில் நிற்காத மனிதர், இப்போது சனிக்கிழமை காலையில் என் பின்னால் திரிந்து, குசினியில் எந்தப் போத்தல் எங்கே இருக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தார்.

வேலை குறைந்ததற்கும் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் ஒரு மணப்பெண்ணின் தாயார் போன் எடுத்து, அழாக்குறையாகச் சொன்னார்: "உங்கட மனுசன் எங்கட பிள்ளையை நீலமா எடுத்து வச்சிருக்கிறார். மாப்பிள்ளை கிருஷ்ண பகவான் மாதிரி இருக்கிறார். ரெண்டு பேருக்கும் குளிர் பிடிச்ச மாதிரிக் கிடக்கு." நான் இவரிடம் சொன்னேன். அவர்களுடைய ரீவி பழுது என்றார். பிறகு இன்னொருவர் அதையே சொன்னார். அவருடைய ரீவியும் பழுது என்றார்.

நானும் நம்பினேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் நிறம் என்றால் அவர்தான். நான் சேலை எடுக்கப் போனால், "உது மாம்பழ மஞ்சள் இல்லை, கடுகு மஞ்சள், உமக்கு எடுபடாது" என்று கடைக்காரர் முன்னாலேயே சொல்லுவார். சொன்னது சரியாகத்தான் இருக்கும். மண்டபத்துக்குள் காலடி வைத்ததும் எந்த லைற்றை எங்கே பிடிக்கவேண்டும் என்று அண்ணாந்து பார்ப்பார். பெண்ணுடைய முகம் கறுத்து விழாது, நகையும் வெளிறாது. அந்தக் கண்ணை வைத்துத்தான் இந்த நாட்டில் ஒரு தொழிலைக் கட்டி எழுப்பினார். அது இல்லையென்றால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. சோறு வடிக்கக்கூடத் தெரியாது.

ஆகவே கன்றுகளுக்கு லைற் வைக்கும் விஷயத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க அவர் தயாராக இல்லை. "மணவறைக்கே லைற் வச்ச எனக்கு நாலு கண்டுக்கு வைக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் மணவறை லைற்றையே கொண்டுவந்து நிறுத்தினார். மாப்பிள்ளைமாருக்குப் பட்டுச் சால்வையோடு வேர்த்துக் கொட்டவைக்கிற லைற் அது. முளைத்து ரெண்டு இலை விட்ட கன்றுகள், அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு போய்விட்டன. ஒன்று பொரிந்தே போனது.

"சூடு கூடிப்போச்சு" என்று ஒத்துக்கொண்டார். அது பெரிய விஷயம்.

அடுத்ததாக வெள்ளை ரியூப் லைற் ஒன்று வாங்கிவந்து சங்கிலியில் தொங்கவிட்டார். சூடில்லாத, சாதாரணமான லைற். மிச்சம் இருந்த மூன்று கன்றும் தேறின. நல்ல பச்சையாகப் புது இலை விட்டன. நான் உடுப்புத் தோய்க்கப் போகிற நேரமெல்லாம் அவற்றை ஒருதரம் பார்க்கத் தொடங்கியிருந்தேன். கஞ்சாதான் என்றாலும் கன்று கன்றுதானே.

இவருக்கு மட்டும் திருப்தி இல்லை. "இலை மஞ்சளாப் போகுது, தெரியேல்லையே?"

"பச்சையாத்தானே இருக்கு."

"உமக்கு என்ன தெரியும்? லைற்றிலதான் பிழை. வெள்ளை எண்டு சொல்லி மஞ்சளைத் தந்திட்டாங்கள்."

நான் குனிந்து திரும்பவும் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. ஆனாலும், அவர் சொன்னால் எங்காவது மஞ்சள் இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். இப்படித்தான் அந்த வருடம் முழுவதும் நடந்தது. திரையாகத் தொங்கிய ஜன்னல் சேலை மஞ்சளாகிவிட்டது என்றார். பிளீச் போட்டுத் தோய்த்தேன். திரும்பவும் மஞ்சள் என்றார், திரும்பவும் தோய்த்தேன். துணி நைந்து அந்தப் பக்கத்து வீடு தெரியத் தொடங்கிய பிறகும், என் கண்ணில் பழுது என்று எண்ணினேனே தவிர அவருடைய கண்ணைப் பற்றி நினைக்கவில்லை. இத்தனைக்கும் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். வெள்ளைக் கோப்பையைப் பழுப்பு என்று சண்டை பிடித்த ஒரு பெரியவர், கண் ஒப்பரேஷன் முடிந்து வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். வேலையிடத்து மூளையை நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

லைற் மஞ்சள் என்று முடிவெடுத்த மனிதர், வீடியோ லைற்றுக்கு முன்னால் கட்டுகிற கண்ணாடி போன்ற நீலக் கடதாசியை எடுத்து ரியூப் லைற்றில் சுற்றினார். இன்னும் மஞ்சள் என்றார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். பேஸ்மென்ற் முழுக்க மீன்தொட்டி நீலம். சுற்றச் சுற்ற வெளிச்சம் செத்துக்கொண்டே போனது. கன்றுகளுக்கு நிறமா முக்கியம்? வெளிச்சம் காணாமல் லைற்றை எட்டிப் பிடிக்கிற அவசரத்தில் நூல் மாதிரி நீண்டு, நிற்கப் பலமில்லாமல் ரெண்டு சரிந்து விழுந்துவிட்டன. ஒன்று மட்டும் தலை ஆட ஆட நின்றது.

"கொலைகாரன்" என்றேன். எனக்கு உண்மையாகவே ஆத்திரம்.

"சரி, காரை எடும். உண்மையான வெள்ளை லைற் எங்க விக்குதெண்டு பாப்பம்" என்றார்.

பெரிய ஹாட்வெயார் கடை ஒன்றுக்குப் போனோம். அங்கே ஒரு சுவரில் பல்ப்புகளை வரிசையாக எரியவிட்டிருந்தார்கள். இந்தக் கரையில் முட்டைக்கரு மாதிரி மஞ்சள், அந்தக் கரையில் கண் கூசுகிற வெள்ளை, நடுவில் மற்றதெல்லாம். குழந்தைப்பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும்.

அவர் முன்னால் போய் நின்று பார்த்தார். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "என்ன கடையப்பா இது, எல்லாம் ஒரே மஞ்சளைத்தானே எரிய விட்டிருக்கிறாங்கள்" என்றார்.

நான் சிரித்தேன். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கரையில இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அதுவும்தான்."

எனக்குப் பயம் வந்தது. ஜன்னல் சேலை, நீல மாப்பிள்ளை, இரண்டு சுற்றுக் கடதாசி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. இவ்வளவு நாளும் இந்த மனிதர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. இல்லாத மஞ்சளைப் போக்கத்தான் எல்லாவற்றுக்கும் நீலத்தை ஏற்றியிருக்கிறார்.

காரில் ஏறி பெல்ற் போட்ட பிறகு, காரை எடுக்காமலே சொன்னேன். "அப்பா, அங்க கடைசியில இருந்தது பால் வெள்ளை. கண்டின்ர இலையும் பச்சைதான். லைற்றில ஒரு பிழையும் இல்லை. உங்கட கண்ணைக் காட்டுவம்."

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தன்னுடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் அந்தப் பிள்ளையளை எல்லாம் நீலமாத்தான் எடுத்துக் குடுத்திருக்கிறன், என்ன?" என்றார். பிறகு, "கண்ணும் போனா நான் என்னப்பா செய்யிறது?" என்று கேட்டார்.

காரை எடுத்தேன்.

கண் டொக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றிவிட்டது, பழுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்க்கிற மாதிரித்தான் இவ்வளவு காலமும் பார்த்திருக்கிறார் என்றார். ஒப்பரேஷன் செய்தால் பெரும்பாலும் சரிவரும் என்றார். இவருடைய காதில் 'பெரும்பாலும்' மட்டும்தான் விழுந்தது. ஒப்பரேஷனுக்கு நாள் வரும்வரை கமரா பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வந்த ஒரு சாமத்தியவீட்டையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். என் குசினிக்குள்ளும் வரவில்லை. போத்தல்களை நான் வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு சொல் இல்லை.

கன்றை நான் எடுத்துக்கொண்டேன். நீலக் கடதாசியைக் கிழித்து எறிந்தேன். ரியூப் லைற்றைத் தாழ இறக்கி, இலை உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்துச் சூடு படாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். வேலைக்குப் போகும்போது போடுவேன், படுக்கப் போகும்போது நிற்பாட்டுவேன். நீண்ட தண்டைச் சுற்றி மண் அணைத்துவிட்டேன். மெல்ல மெல்லத் தண்டு தடித்தது. கஞ்சாக் கன்று பிழைக்கவேண்டும் என்று நான் சாமி அறையில் நின்று நேர்ந்துகொண்டேன். எந்தச் சாமியிடம் என்று சொல்லமாட்டேன்.

முதல் கண்ணுக்கு ஒப்பரேஷன் முடிந்து, அடுத்த நாள் மூடியை எடுக்கப் போகிற காலையில், எனக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. இந்த மனிதர் என்னையும் இவ்வளவு காலம் பொன் நிறத்தில்தானே பார்த்திருக்கிறார்? இனி உள்ளதை உள்ளபடி பார்க்கப் போகிறார். தலையை இரண்டு தரம் வாரினேன். பவுடர் போட்டேன். பிறகு வெட்கப்பட்டு அதைத் துடைத்தேன்.

டொக்டரிடம் மூடியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் நேரே பேஸ்மென்ற்றுக்கு இறங்கினார். நான் பின்னால் போனேன். கன்றுக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். மாற்றி மற்றதைப் பொத்திப் பார்த்தார். திரும்பவும் மாற்றினார்.

"பச்சை" என்றார். "பச்சையடியப்பா."

நான் அழுதுவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரியூப் லைற் சரியாக என் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. எத்தனையோ மணப்பெண்களைப் பார்த்த அதே பார்வை. நெற்றியில் தொடங்கி, கண்ணுக்குக் கீழே வந்து, கன்னத்தில் கொஞ்ச நேரம் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா அப்பிடிப் பாக்கிறியள்? கிழவியாப் போனனோ?"

அவர் என் கையைப் பிடித்து, வெயில் விழுந்துகொண்டிருந்த படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"உது கண்டுக்குச் சரியான லைற்," என்றார். "உமக்கில்லை. இஞ்சால வாரும்."