செவில்யாவில் ஒரு குழாயடி

ஜின்சிக்கு ஸ்பானிஷ் வந்தது, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏலச்செடியைக் காட்டிக் காட்டித்தான். குமுளியில் நாங்கள் இருவரும் ஒரே ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கிறோம். நான் ஜீப் ஓட்டுகிறேன். அவள் விருந்தாளிகளைத் தோட்டத்துக்குள் அழைத்துப்போய், எது மிளகு எது கிராம்பு என்று சொல்கிறாள். ஸ்பெயினிலிருந்து வருகிறவர்களிடம் ஆளுக்கு நாலு வார்த்தை பிடுங்கி வைத்துக்கொள்வாள், மீதியை ஃபோனில் படிப்பாள். தனியாக நின்று முணுமுணுப்பவளைப் பார்த்து, பேய் பிடித்துவிட்டதா என்று கேலி செய்திருக்கிறேன். கடைசியில் அந்தப் பேய்தான் அவளை விமானம் ஏற்றியது.

ஸ்பெயினில் செவில்யா என்ற நகரத்தில் ஒரு மொழிப் பள்ளி. சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களுக்கு அங்கே ஒரு கோடைகாலப் படிப்பு, செலவெல்லாம் பள்ளியே பார்த்துக்கொள்ளும். காலையில் மொழி, மாலையில் அந்த நகரத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற வரலாறு. தேர்ச்சி பெற்று வந்தால் ஸ்பெயின்காரர்கள் வரும்போதெல்லாம் அவள்தான் வழிகாட்டி என்று எங்கள் முதலாளி சூசையப்பன் சொல்லியிருந்தார். மதுரை வரைக்கும்கூட அவளே கூட்டிப்போகலாம். தேறாவிட்டால் பழைய ஏலச்செடிதான்.

இங்கே நான் ஜூலைச் சாரலில் நனைந்துகொண்டிருப்பேன். அங்கே கொளுத்தும் வெயிலிலிருந்து ஃபோனில் அவள் குரல்பதிவு வரும்.

"அண்ணே, ஒரு கோபுரம் பாத்தேன். அடியில மசூதிக்காரங்க கட்டுனது. மேல சர்ச்சுக்காரங்க மணி வச்சிருக்காங்க. அத்தன சண்டையிலயும் கோபுரத்த ஒருத்தரும் இடிக்கலண்ணே. செவுத்தத் தொட்டுப் பாத்தேன், அழுகையா வருது. தெருவெல்லாம் ஆரஞ்சு மரம், நம்மூர்ல சில்வர் ஓக்கு நிக்கிற மாதிரி."

ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்தி அதை இரண்டாம் முறை கேட்டேன். எனக்கே மேல் சிலிர்த்தது.

ஆனால் முதல் நாளே அவள் ஒரு வம்பை விலைக்கு வாங்கியிருந்தாள். வகுப்பில் ஒவ்வொருவரும் தன் நகரத்தைச் சொல்ல வேண்டும். ஹாம்பர்க் என்றார் ஒருவர், சிகாகோ என்றார் இன்னொருவர். இவள் முறை வந்ததும் வாயில் வந்தது கொச்சி. விசாவுக்கும் விமானத்துக்குமாக அவள் கொச்சியைப் பார்த்ததே இரண்டு தடவை. பிறந்து வளர்ந்தது ஆனைக்கரையில், ஏலத்தோட்டத்து லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். அம்மா புஷ்பமேரி இன்றைக்கும் அங்கிருந்துதான் ஏலக்காய் எடுக்கப் போகிறார். அந்த லயத்தைப் பற்றி ஜின்சி எந்த விருந்தாளியிடமும் மூச்சு விட்டதில்லை.

கடைசித் தேர்வு, நகரத்தில் ஏதாவது ஓர் இடத்தில் நின்று, அதைத் தன் நகரத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது. இடத்தைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். இவளுக்கு வந்தது ‘கொரால்’. நடுவில் முற்றம், சுற்றிலும் மாடியும் கீழுமாகச் சின்னச் சின்ன வீடுகள். ஒரு காலத்தில் அத்தனை குடும்பத்துக்கும் ஒரே குழாய். அதைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் இருப்பதாக ஆசிரியை சொன்னார். அரண்மனையைப் பற்றி எழுதலாம், குழாயடியைப் பற்றியுமா எழுதுவார்கள்? என்று ஜின்சி என்னிடமே கேட்டாள். அப்போதும் அவள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தது கொச்சிக் கடற்கரையின் சீன மீன்வலைகளைத்தான்.

தேர்வு நாளில் முற்றத்தில் ஆசிரியையும் மாணவர்களும் சுற்றி நின்றார்கள். வாசல்தோறும் பூந்தொட்டி. ஜின்சி கொச்சி என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. ஆசிரியை பொறுமையாகக் காத்திருந்தார். சிகாகோக்காரன் தரையைப் பார்த்தான்.

குழாயடியில், செடிக்கு ஊற்ற யாரோ ஒரு வாளியை வைத்துத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பின்னால் இன்னொரு வாளி காத்திருந்தது. முதல் வாளி நிறைந்து வழியப்போன சமயம் ஜின்சியின் கால் தானாக நடந்தது. நிறைந்ததைத் தூக்கி ஓரமாக வைத்தாள், அடுத்ததைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். லயத்தில் யாரும் யோசித்துச் செய்வதில்லை இதை. தண்ணீர் வரும் நேரம் கொஞ்சம். உலை வைத்தவள் உள்ளே இருப்பாள், அவளுக்காக அவள் குடம் வரிசையில் நிற்கும். குழாயடியில் இருப்பவர் யாரானாலும் நிறைத்து, நகர்த்தி, அடுத்ததை வைக்க வேண்டும்.

மாடியிலிருந்து ஒரு குரல் சீறியது. ரொசாரியோ என்ற வயதான பெண்மணி, முதல் வாளிக்குச் சொந்தக்காரி.

"அத எதுக்கு வச்ச? அது எதிர்வீட்டுக்காரி வாளி. நானும் அவளும் பேசிக்கிறதில்ல."

ஜின்சி நிமிர்ந்து பார்த்தாள். ஸ்பானிஷ் மடை திறந்ததுபோல் வந்தது.

"எங்க லயத்துல சண்டை ஆளோடதாம்மா. குடத்தோட யாரும் சண்டை போட மாட்டாங்க. முடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டவங்ககூட மறுநாள் காலையில ஒருத்தர் குடத்த ஒருத்தர் நெறப்பாங்க."

"எந்த ஊரு உனக்கு?"

ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தார். கொச்சி என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"ஆனைக்கரை," என்றாள். "அது நகரம் இல்ல. கொச்சின்னு நான் சொன்னது பொய். எங்க லயமும் இதே மாதிரிதான். எங்கம்மா இப்பவும் அங்கதான் இருக்காங்க."

பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. மழையில் ஒழுகும் கூரை, ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கேட்கும் ஜெபமாலை, ஒரு வீட்டில் மீன் பொரித்தால் எல்லா வீட்டுக்கும் வரும் வாசனை என்று எல்லாம் வந்தது. ரொசாரியோ பாதி கேட்கும்போதே படியிறங்கி வந்துவிட்டார். சுவர் வழியாக எங்களுக்கும் கேட்கும் என்றார். இருவரும் பேசப் பேச, ஆசிரியை பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அங்கே நின்றபோது பயம் பயமாக, சந்தோஷமாக, கோயிலுக்குள் நிற்பதுபோல் இருந்தது என்று ஜின்சி என்னிடம் சொன்னாள். கடலுக்கு அப்பால் தன் லயம் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

இரண்டாவது வாளி நிறைந்தது. இந்த முறை ரொசாரியோ குனிந்தார். குழாயை மூடி, பேசாதவளின் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

ஜின்சி தேறினாள். சான்றிதழில் ஊர்ப் பெயர் என்னவென்று போடட்டும் என்று ஆசிரியை கேட்டாராம். ஆனைக்கரை என்றே போட்டிருக்கிறது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனாள். என் ஜீப்பில்தான். புஷ்பமேரியக்கா சான்றிதழைக் கண்ணில் ஒற்றி மாதா படத்துக்குக் கீழே வைத்தார். மகள் நடந்ததையெல்லாம் சொல்ல, முறத்தில் காய் பொறுக்கியபடியே கேட்டார்.

"ஏட்டி, அந்த ரெண்டாவது வாளிக்காரி வந்து எடுத்தாளா?"

"எடுத்தாம்மா. நாங்க கெளம்புறப்ப கதவத் தெறந்தா."

"எடுத்துட்டு?"

"மாடியப் பாத்தா. ரொசாரியோ அங்க நின்னாங்க."

"பாத்தாள்ல, அது போதும்," என்று சொல்லிவிட்டு, வெளியே தண்ணீர் விடும் சத்தம் கேட்க, குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.