லுணுகலை இறக்கத்தில் இரண்டாம் கியர்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது போன வருடம் தை மாதம், ஒரு புதன்கிழமை காலை. பல் விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே கிணற்றடியில் சரிந்தார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிர் மிஞ்சியது. ஆனால் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது; ஆம் என்று சொல்ல ஒரு ‘ஓம்’கூட வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று இரவு நான் அழுத அழுகையைப் பெரியகல்லாற்றில் எங்கள் ஒழுங்கை முழுவதும் கேட்டிருக்கும். கர்த்தருக்குள் பிரியமானவர்களே, அந்த அழுகையிலிருந்து அவர் எங்களை எப்படித் தூக்கினார் என்பதை மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதில் எனக்கு வெட்கமான இடங்களும் உண்டு.

என் கணவர் பெயர் தேவராசா. இருபத்திரண்டு வருடம் லொறி ஓட்டியவர். இங்கிருந்து கருவாடும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போவார், வரும்போது மரக்கறி கொண்டுவருவார். பிறகு இருவருமாகச் சேர்ந்து வாடகைச் சாமான் தொழில் தொடங்கினோம். கல்யாணம், பூப்புனித நீராட்டு, ஆலயப் பெருநாள் எதுவென்றாலும் இருக்கக் கதிரை, பந்தல், சமைக்கக் கிடாரம் எல்லாம் எங்களிடமிருந்துதான் போகும்.

அவர் விழுந்த பிறகு லொறியை விற்றோம். ஓட்டோ கியர் பிக்கப் ஒன்றும், பின்னால் கொளுவி இழுக்கும் பெட்டி ஒன்றும் வாங்கினோம். நாற்பத்தாறு வயதில் நான் வாகனம் பழகினேன். கிளச் இல்லாத வாகனம் என்றபடியால்தான் துணிந்தேன். எங்கள் பக்கம் எல்லாம் சமதரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நேர் ரோட்டு. மேடு என்று ஒன்றைக் காண வேண்டுமென்றால் பாலத்தில்தான் ஏற வேண்டும். கியரை ‘டி’யில் போட்டால் போகும், பிரேக்கை மிதித்தால் நிற்கும். அதற்குக் கீழே 3, 2, எல் என்று எழுதியிருந்ததை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. இங்கே ஓட்டோ கியர் வைத்திருக்கும் எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சபையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், மறைத்துப் பயனில்லை. அவர் விழுந்த பிறகு அது இன்னும் நீண்டது. சட்டைப் பொத்தானைப் பூட்டுவது நான், சோறு ஊட்டுவது நான், வாடகை பேசுவது நான். யாராவது வந்து, “அண்ணன் சாப்பிட்டாரா?” என்று கேட்டால் அவர் பக்கத்தில் இருக்க நானே பதில் சொல்வேன். அவரிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டேன். பேச முடியாதவரிடம் என்னத்தைக் கேட்பது என்ற நினைப்பு.

ஆனால் ஜெபத்தை விடவில்லை. தினமும் விடிய எழும்பி ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன். “ஆண்டவரே, என்னால தனிய ஏலாது. எனக்கு உதவிக்கு யாரையாவது அனுப்பும்.” மாதங்கள் போயின. ஒருவரும் நிலைக்கவில்லை. வேலைக்கு வந்த இரண்டு பேரும் ஒரு கிழமைகூடத் தங்கவில்லை. கடைசியில் எனக்குக் கடவுள்மேல் கோபம் வந்தது. ஜெபத்தில்கூடச் சண்டை பிடித்தேன்.

ஆவணி மாதம் ஒரு அழைப்பு வந்தது. முன்பு எங்கள் சபையில் இருந்த போதகர் பசறைக்கு அங்கால் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் இருக்கிறார். ஆலயம் திருத்தித் திறப்பு விழா. கதிரை, பந்தல் எல்லாம் வாடகையில்லாமல் நான் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்பு பாதி, பெருமை பாதி. ஒரு பெண் தனியாகப் பெட்டி இழுத்துக்கொண்டு மலை ஏறி வந்தாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. கணவரை விட்டுவிட்டுப் போக வழியில்லாததால் அவரையும் முன் சீட்டில் ஏற்றினேன்.

சனிக்கிழமை ஏறும்போதே வாகனம் முரண்டு பிடித்தது. கியர் தானாக மேலே போகும், சுமை தாங்காமல் கீழே வரும், திரும்பவும் மேலே போகும். என்ஜின் சூடு ஏறியது. பக்கத்தில் இவர் “ம்… ம்…” என்று இடது கையால் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துப் போத்தலைக் கொடுத்தேன். தலையை ஆட்டித் திருப்பித் தந்தார். ஏதோ எரிச்சலில் இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒருபடியாக ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

ஞாயிறு திறப்பு விழா அருமையாக நடந்தது. பின்னேரம் சாமான்களை ஏற்றினோம். முன்னூறு கதிரை, பந்தல் குழாய்கள், இரண்டு கிடாரம், ஜெனரேட்டர். போதகர் ஜெபம் பண்ணி வழியனுப்பினார். பசறை தாண்டி லுணுகலைப் பக்கம் இறங்கத் தொடங்கினோம்.

இறங்குவது சுகம் என்றுதான் நினைத்தேன். ‘டி’யில் போட்டுப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு வந்தேன். முதல் மூன்று வளைவு சரி. பிறகு பெட்டி தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. நான் பெட்டியை இழுக்கவில்லை, பெட்டி என்னைத் தள்ளியது. நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். மிதித்த காலை எடுக்கவேயில்லை.

இவர் என் தோளைத் தட்டினார். கியரைக் காட்டிக் காட்டிச் சத்தம் போட்டார்.

“என்ன? ஒண்ணுக்குப் போகணுமா? பொறுங்க, கீழ இறங்கினாப் பிறகு நிப்பாட்டுறன்.”

அவர் விடவில்லை. உடம்பைத் திருப்பி, இடது கையைக் குறுக்கே நீட்டிக் கியரில் தட்டினார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கையைத் தட்டிவிட்டேன்.

“சும்மா இருங்க! கியர்ல கை வைக்காதீங்க. உங்களுக்கு என்ன தெரியும் இப்ப?”

அந்த ரோட்டில் இருபத்திரண்டு வருடம் சுமை இறக்கிய மனிதனிடம் நான் கேட்ட கேள்வி இது. எழுதும்போதும் கை கூசுகிறது.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கருகல் மணம் வந்தது. அடுத்த வளைவில் மிதித்தபோது பிரேக் பஞ்சில் மிதித்த மாதிரி உள்ளே போனது. திரும்ப மிதித்தேன். அடிமட்டம் வரை போனது. வாகனத்தின் வேகம் குறையவில்லை. முன்னால் நீண்ட இறக்கம், அதன் முடிவில் வளைவு, வளைவில் ஒரு பஸ் தரிப்பிடம். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒரு தாயின் இடுப்பில் பிள்ளை. பின்னால் முன்னூறு கதிரையோடு நான் அவர்களை நோக்கிப் போகிறேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஓட முடியாத என் கணவர் பக்கத்தில் பெல்ட்டோடு இருக்கிறார்.

வாய் விட்டுக் கத்தினேன். “ஆண்டவரே! யாரையாவது அனுப்பும்! இப்ப அனுப்பும்!”

அப்போது என் இடது கையை ஒரு கை பிடித்தது. ஸ்டியரிங்கிலிருந்து அதை எடுத்துக் கியர்மேல் வைத்து, அதற்குமேல் தன் கையை வைத்து அமத்தியது. அவர் கைதான். என் கையோடு சேர்த்துக் கியரை 3க்கு இழுத்தார். என்ஜின் அலறியது.

“உடைஞ்சிரும்!” என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தார். என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் இழுத்தார். 2. வாகனத்தைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. வளைவு வந்தபோது சைக்கிள் ஓடுகிற வேகம்தான். தரிப்பிடத்தில் நின்றவர்கள் எங்களைச் சும்மா ஒரு வாகனம் போகிறது என்று பார்த்தார்கள். அந்தப் பிள்ளை கை காட்டியது. வளைவு தாண்டி ரோட்டு சற்று மேடாகிற இடத்தில் அவர் ஹேண்ட் பிரேக்கைப் பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். ஒரு அகலமான ஓரத்தில் நின்றோம்.

கதவைத் திறந்து இறங்கினேன். முன் சில்லில் புகை. ஊற்றலாம் என்று தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினால் உள்ளேயிருந்து இவர் கதவில் படபடவென்று அடிக்கிறார். அதற்குள் பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி ஓடிவந்தார். தோட்டப் பக்கத்து ஆள்.

“அம்மா, தண்ணி ஊத்திறாதீங்க! சூட்டுல வெடிச்சுப் போயிரும். அப்படியே ஆறட்டும்.” பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். “மேல இருந்து டியிலேயே வந்தீங்களா? இவ்வளவு பாரத்தோடயா? இறங்குறதுக்கு முன்னாலேயே ரெண்டுல போட்டுறணும்மா. அப்ப என்ஜினே பிடிச்சுக்கும், பிரேக்குக்கு வேலை கம்மி. ஏறும்போதும் மூணுல போட்டா சும்மா மாறி மாறித் திணறாது. சாரை இந்த ரோட்டுல லொறியில கண்டிருக்கேனே, அவருக்குத் தெரியுமே, சொல்லித் தரலையா?”

“சொன்னவர் அண்ணே. நேத்தில இருந்து சொன்னவர். நான்தான் கேக்கல்ல.”

இதைச் சொல்லும்போது எனக்கு மனம் உடைந்துவிட்டது. லொறிக்காரர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் போய்விட்டார். நான் கணவரின் பக்கத்துக் கதவைத் திறந்து, ரோட்டோரத்தில் நின்றபடியே அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். “என்னை மன்னிச்சிருங்கப்பா” என்று மட்டும்தான் வந்தது. அவர் என் தலையில் கையை வைத்தார். நிமிர்ந்து பார்த்தேன். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அது. ஒருவேளை முன்னமும் சிரித்திருப்பார், நான் பார்த்திருக்க மாட்டேன்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. உதவிக்கு ஆள் அனுப்பும் என்று நான் கடவுளோடு சண்டை பிடித்த ஒவ்வொரு விடியற்காலையும் அந்த ஆள் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தார். ஆண்டவர் அனுப்பாமல் விடவில்லை. நான்தான் அவர் அனுப்பிய ஆளின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

சில்லு ஆற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. பிரேக் திரும்பவும் பிடிக்கிறதா என்று அந்த மேட்டிலேயே இரண்டு மூன்று தரம் மிதித்துப் பார்க்க வைத்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல இறங்கினோம். சொல்வது என்றால் விரலால்தான். இரண்டு விரல் காட்டினால் 2. சரிவு குறைந்தால் மூன்று விரல். பிபிலையில் சமதரை வந்ததும் உள்ளங்கையை விரித்து முன்னால் வீசினார், இனி ‘டி’யில் போட்டு ஓட்டு என்று. இருவரும் சிரித்தோம்.

சாட்சி என்றால் உண்மை சொல்ல வேண்டும். அவர் வலது கை இன்னும் சரியாக எழும்பவில்லை. கால் கொஞ்சம் பரவாயில்லை, பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனால் எங்கள் வீடு மாறிவிட்டது. பந்தல் எப்படிப் போடுவது, பெட்டியில் பாரத்தை எங்கே வைப்பது, எந்த வாடகையை எடுப்பது, எல்லாம் அவரிடம் கேட்கிறேன். கேட்டுவிட்டுப் பொறுத்திருக்கிறேன். எனக்குப் பொறுமை வந்திருக்கிறது என்பதே ஒரு அற்புதம் என்று எங்கள் சபைப் பெண்கள் பகிடி பண்ணுகிறார்கள். “இப்பதான் கா உன்ட வாயை ஆண்டவர் கட்டியிருக்கார்” என்கிறார்கள். கட்டட்டும்.

எனக்குத் தெரிந்து உங்களில் பல பேர் இன்றைக்கும் அதே ஜெபத்தைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். யாரையாவது அனுப்பும் என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், விடாமல் கேளுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் முழங்காலில் இருந்து எழும்பியதும் வீட்டுக்குள் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இவருக்கு இனி என்ன தெரியும் என்று நீங்கள் பேசாமல் விட்டவர் யாராவது இருந்தால், அவரிடம் போய் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும் மட்டும் இருங்கள்.

நான் அப்படித்தான் இருந்தேன். மார்கழி மாதம் ஒரு காலை, களுவாஞ்சிக்குடியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பெட்டியைக் கொளுவிவிட்டு வந்து ஏறினேன். வழக்கம் போலக் கேட்டேன். “என்னப்பா, போவமா?” அவர் தலையை ஆட்டவில்லை. உதட்டை இழுத்து இழுத்து எதற்கோ பாடுபட்டார். நான் சாவியில் கையை வைக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், இரண்டு நிமிடமும் இருக்கும்.

“ஓம்” என்றார்.