ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். சாயங்காலம் இலஞ்சியில் கல்யாணக் கச்சேரி. குற்றாலச் சாரலில் நனைந்து என் எலெக்ட்ரிக் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்த ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. தென்காசி ரேடியோக் கடைக்கு ஓடினேன். செய்தி கேட்கத் தெருவே அங்கே கூடியிருந்தது. கடைக்காரர் ஒல்லியான மனிதர், மகன் பட்டாளத்தில். செய்தி முடியும்வரை வால்யூம் திருகிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை.

அலமாரியில் என் பெட்டிக்குப் பொருந்தும் புது ஸ்பீக்கர் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு செய்தி சொல்லி முடித்த அந்தப் பெரிய ரேடியோவையே திறந்து, அதன் ஸ்பீக்கரைக் கழற்ற ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, புதுசு இருக்கே. இதக் கழட்டிட்டா ராத்திரிச் செய்தி எப்படிக் கேப்பிய?”

“கேக்கக் கூடாதுன்னுதான் கழட்டுதேன்,” என்றார், நிமிராமல்.

என் பெட்டிக்குள் மாட்டிய அந்த ஸ்பீக்கர் செய்தி சொல்லத் தொடங்கிவிடுமோ என்ற பயத்தோடேதான் கச்சேரி முழுக்க வாசித்தேன்.