பாலன் குடிலுக்கு ஒரு மாடு

ஊர்காவற்துறை இறங்குதுறையில் காரைநகர்ப் படகுக்குக் காத்திருக்கிறேன். அலைந்த அலுப்பு எலும்புவரை இறங்கிவிட்டது. மார்கழிக் காற்று உப்பை அள்ளி முகத்தில் எறிகிறது.

“அண்ணை, ஒருக்கா இதைப் பாருங்கோ.”

முந்திய படகில் வந்திறங்கி, புருசன் சைக்கிளில் வந்து ஏற்றும்வரை நிற்கும் பெண், பிஸ்கற் தகரத்தைத் திறக்கிறாள். உள்ளே வீடியோ கேம் விலங்குகளின் பொம்மைகள். சிறகு முளைத்த ஆமை, மூன்று கண் முயல், வாயால் நெருப்புக் கக்கும் சிவப்பு மிருகம். பாரிசில் தமையனின் பிள்ளைகள் ஆசையாகச் சேர்த்து, அலுத்ததும் அனுப்பிவிட்டவை.

இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு சொந்த வீட்டில் அவளுக்கு இது முதல் நத்தார்ப் பண்டிகை. குடிலில் வைக்கும் சுரூபங்களில் பாலன் யேசுவும் மாதாவும் சூசையப்பரும் அலுமாரிக்குள் உடையாமல் கிடந்தார்களாம். ஆடு மாடுகளைத்தான் காணவில்லை. பின்னேரம் குடிலை மந்திரித்து ஆசீர்வதிக்கக் கோயில் சுவாமியார் வருகிறார்.

“எதை மாடெண்டு வைக்கலாம்? இதுக்குத்தான் கொம்பிருக்கு.” சிவப்பு மிருகத்தை என் கையில் தருகிறாள்.

“தங்கச்சி, இது பேய் மாதிரியெல்லோ கிடக்கு. சுவாமியார் ஏசமாட்டாரே?”

“ஏசுவார்தான். மாடில்லாமல் என்னெண்டு அண்ணை குடில் வைக்கிறது?”

படகு தெரிகிறது. எழும்ப மனமில்லை. அவள் மிருகத்தைத் திருப்பி வாங்கி, பிளாஸ்ரிக் நெருப்பை விரலால் தடவிப் பார்க்கிறாள். முகம் தெளிகிறது.

“மாடு மூச்சு விட்டுத்தானே அண்ணை பாலனுக்குக் குளிர் போனது? இது நெருப்பெல்லோ விடுது!”