பம்புக் கடைக்காரர் வாங்கிய நம்பர்கள்

என் அக்கா வீட்டுக்காரர் தண்ணீர் பம்பு விற்பவர். கடையில் இல்லாத சாமானை இருக்கிறதென்று ஒருநாளும் சொன்னதில்லை. "இப்ப இல்ல. நம்பரக் கொடுங்க, வந்தா சொல்றேன்" என்பார், மறக்காமல் கூப்பிடவும் செய்வார். அந்த மனுஷன் நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.

பிரசாரத்துக்கு நான்தான் கூடப் போனேன். ஒரு தெருவில் ஒரு பெண்மணி, "ஆத்துக்குப் பாலம் வருமா?" என்று கேட்டார். வேறு வேட்பாளராக இருந்தால் அங்கேயே பாலத்தைக் கட்டிப் பெயிண்டும் அடித்திருப்பார். இவர் சட்டைப் பையிலிருந்து கடை நோட்டை எடுத்தார். "இப்ப சொல்ல முடியாதும்மா. நம்பரக் கொடுங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அத்தான், ஓட்டுக் கேக்க வந்தீங்களா, ஆர்டர் எடுக்க வந்தீங்களா?"

"இல்லாதத இருக்குன்னு எப்படிடா சொல்றது?"

படுதோல்வி. மறுநாள் காலை, நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாமென்று கடைக்குப் போனேன். நோட்டை விரித்துவைத்துப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பாலம் கேட்டிருந்தீங்களேம்மா, நான் தோத்துட்டேன். என்னால கொண்டுவர முடியாது. நீங்க காத்துக்கிட்டு இருக்கக் கூடாதேன்னுதான் கூப்பிட்டேன்."

போனை வைத்தவர், நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"அடுத்த நம்பரப் படிடா."

படித்தேன்.