காணிக்காரி வேலாயி

வேலாயி இந்த உலகத்தில் பயந்தது மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மட்டும்தான். மற்றபடி அட்டைக்கோ மழைக்கோ கங்காணிக்கோ அசைந்தவள் இல்லை. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஐம்பத்தைந்து வயது வரை கொழுந்து பறித்தாள். அங்கே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், தோட்டத்தை மேற்பார்க்கும் சின்னத்துரை வருகிறார் என்று அர்த்தம். உடனே பாதையை விட்டுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும்.

ஒருமுறை குடியிருந்த லயத்துக்குப் பின்னால் போஞ்சி போட்டிருந்தாள். யார் போட்டது என்று சின்னத்துரை கேட்க, "நாந்தாங்க" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். மறுநாளே, தோட்டத்து மண்ணில் சொந்தப் பயிர் கூடாதென்று, பூவும் பிஞ்சுமாக அத்தனை கொடியையும் பிடுங்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகு எந்தத் துரை எதைக் கேட்டாலும் "தெரியாதுங்கையா"தான்.

ஓய்வு பெற்றதும் சேமலாப நிதியில் கிடைத்ததைக் கொட்டி, ரோட்டோரமாக அரை ஏக்கர் கிழட்டுத் தேயிலை வாங்கினாள். உறுதிப் பத்திரம் அவள் பெயரில். பழைய செடியைப் பிடுங்கி, மண் தேறுவதற்கு மானாப்புல் வளர்த்து, பிறகு புதுத் தேயிலை நட்டால் அரசாங்கம் கட்டங்கட்டமாக மானியம் தரும் என்று விசாரித்து வந்தவள் மகள் இராஜகுமாரி. கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை பார்ப்பவள். அவளே எழுதிப் போட்டு அனுமதியும் வாங்கினாள். வேலாயி செடிகளைப் பிடுங்கிப் புல்லை நட்டாள். இனி விற்கக் கொழுந்து இல்லை. மானியம் வராவிட்டால் காணியைத்தான் விற்க வேண்டும்.

காணி பார்க்க மானியக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் நஸீம் வந்தார். வந்தது மோட்டார் சைக்கிளில். அதுதான் வினை.

"காணிக்காரங்க எங்க ஈக்கிறாங்க?"

கானுக்குள் இறங்கி நின்ற வேலாயி தலை நிமிராமல் சொன்னாள்: "தெரியாதுங்கையா."

"நீங்க கூலிக்கா வேலை செய்றீங்க?"

"ஆமாங்கையா."

தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வதை இதைவிடக் கச்சிதமாக யாராலும் செய்ய முடியாது. சொந்தமாகப் பயிர் செய்கிறவர்களுக்குத்தான் மானியம். காணிக்காரர் ஊரில் இல்லை என்று குறித்துக்கொண்டு நஸீம் போய்விட்டார். கந்தோரில் இதைக் கேள்விப்பட்ட இராஜகுமாரி வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஒங்க காணிய ஒங்களுதுன்னு சொல்ல வாய் வரலியா?"

"வாய் வந்திச்சு. போஞ்சி ஞாபகமும் கூடவே வந்திருச்சு" என்றாள் வேலாயி. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாய்க்கு அழுகை வந்தது.

இராஜகுமாரி கெஞ்சியதில் நஸீம் இன்னொரு முறை வர ஒப்புக்கொண்டார். வந்தார். சத்தம் கேட்டதுதான் தாமதம், வேலாயியின் கால்கள் அவளைக் கேட்காமலே கானுக்குள் இறங்கிவிட்டன.

"இண்டைக்காவது காணிக்காரங்க ஈக்கிறாங்களா?"

வேலாயி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தாள். நஸீம், வந்ததற்கு நிலத்தையாவது பார்ப்போம் என்று மேட்டில் ஏறினார். புதிதாக நட்டிருந்த புல் அவர் சப்பாத்துக்கடியில் நசுங்கியது.

"ஐயா, புல்ல மிதிக்காதீங்க. கான் வழியா வாங்க."

சொன்ன பிறகுதான் வேலாயிக்குத் திக்கென்றது. நஸீம் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் கானுக்குள் இறங்கினார். வேலாயி மேலே ஏறி, தலைத்துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"வாங்கையா, எங் காணிய காட்டுறேன்."